எங்க அப்பா பேர்ல ஒரு மாடி வீடு

பேங்க்ல லோன் பாக்கிற சார் மானிட்டர என் பக்கம் திருப்பிக் காட்டுனப்ப நான் சிரிச்சுட்டேன். நெசமாவே சிரிச்சேன். எங்க அப்பா பேரு, அவரோட அப்பா பேரு, ரெண்டும் சரியா இருக்கு. அதுக்குக் கீழ திருத்தங்கல்ல ஒரு மாடி வீடு. தெரு, கதவு நம்பரு, சதுர அடி, வரி எந்த வருசம் வரைக்கும் கட்டியாச்சு, எல்லாம் போட்டிருக்கு.

நாங்க குடியிருந்தது சிவகாசில ஒரு காம்பவுண்டு வீடு. ஒரே வாசல், உள்ள ஏழு வீடு, ஏழு வீட்டுக்கும் சேத்து ரெண்டு கக்கூஸ். காலைல ஆறு மணிக்கு பக்கெட்டோட வரிசைல நிக்கிற குடும்பத்துக்கு மாடி வீடாம். சிரிக்காம என்ன பண்ண.

"சார், இது வேற ஆளு. எங்க அப்பா பேரு ஊர்ல நூறு பேருக்கு இருக்கும்."

"அவரோட அப்பா பேரும் நூறு பேருக்கு அதேவாம்மா?"

"இருக்கும் சார். எங்க பக்கம் கொலசாமி பேரே நாலஞ்சுதான், அத வச்சே எல்லாரும் ஓட்டிட்டு இருக்காங்க."

அவரு சிரிக்கல. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆளு, விருதுநகருக்கு வந்து ஒரு வருசம்தான் ஆகுதுன்னு மொத நாளே சொன்னாரு. நல்ல மனுசன். அதனாலதான் பத்திர நகலே எடுத்து வச்சிருந்தாரு. ரெண்டாவது பக்கத்துல வெரல வச்சாரு. கிரயம் வாங்குனவர் விலாசம்னு போட்டு எங்க காம்பவுண்டு விலாசம். கடைசிப் பக்கத்துல எங்க அப்பா கையெழுத்து. கடைசி எழுத்த இழுத்து அடில ஒரு கோடு போடுவாரு, என் பத்தாவது ரேங்க் கார்டுல போட்ட அதே கோடு.

அதுக்கப்புறம் எனக்கு சிரிப்பு வரல.

விசயம் இதுதான். காம்பவுண்ட இடிச்சுட்டு குடோன் கட்டப் போறோம், கார்த்திகைக்குள்ள காலி பண்ணுங்கன்னு வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. அப்பா பட்டாசு கம்பெனில போர்மேன். அம்மா நோட்டு பைண்டிங் போறாங்க. நான் பி.காம் முடிச்சுட்டு ஒரு பிரஸ்ல லேபிள் டிசைன் பண்றேன். மூணு பேர் சம்பாதிக்கிறோம், மூணு பேருக்கும் சம்பள சிலிப்பு கெடையாது, வாரக் கூலி கைலதான். சாதாரண வீட்டு லோனுக்கு எந்த பேங்க்கும் எங்கள உள்ளயே விடாது. சர்க்கார் மானியம் குடுக்கிற லோன் ஒண்ணுதான் வழி. அதுல வருமானச் சான்று தாசில்தார் ஆபீஸ்ல வாங்குனா போதும், வட்டில ஒரு பகுதிய சர்க்கார் ஏத்துக்கும், மாசத் தவணை வாடகை அளவுதான் வரும். அத நம்பி ஆமத்தூர்ல மூணு சென்ட் எடத்துக்கு அட்வான்ஸும் குடுத்தாச்சு. வித்தவரு அந்த ஊரு விவசாயி. ஆறு மாசம் டைம் எழுதிக் குடுத்தாரு.

லோனுக்கு நெறைய கண்டிசன் உண்டு. மொத கண்டிசன், புருசன், பொண்டாட்டி, கல்யாணம் ஆகாத பிள்ளைங்க, இதுல யார் பேர்லயும் நாட்டுல எங்கயும் காங்கிரீட் வீடு இருக்கக் கூடாது. பாரத்துல 'இல்லை'ங்கிற கட்டத்துல டிக் போட்டது நான்தான். யோசிக்கவே இல்ல. இல்லன்னா இல்லதான.

அன்னைக்கு சாயங்காலம் அப்பா வந்து கை கழுவுறதுக்குள்ள கேட்டேன். அலுமினியத் தூளு நெகத்துல ஒட்டியிருக்கும், அம்புட்டு சீக்கிரம் போகாது, சோப்பு போட்டுத் தேய்ச்சுக்கிட்டே இருந்தாரு.

"திருத்தங்கல்ல உங்க பேர்ல வீடு இருக்காம்லப்பா."

சோப்பு கைய விட்டு விழல, மொகம் மாறல, சினிமால வர்ற மாதிரி ஒண்ணும் நடக்கல. "ஆமா"ன்னாரு. "அது மொதலாளி வீடு."

"மொதலாளி வீடு எதுக்கு உங்க பேர்ல இருக்கு?"

"அவுக பேர்ல வாங்க முடியல. என் பேர்ல போட்டுக்கிட்டாக."

அம்மா அடுப்புல இருந்து திரும்பிப் பாத்தாங்க. அம்மாவுக்கே அப்பதான் தெரியும். "எப்ப?"

"பிள்ள அஞ்சாப்பு படிக்கும்போது."

எனக்கு அந்த வருசம் ஞாபகம் இருக்கு. அந்த வருசம்தான் அப்பா திடீர்னு பட்டு வேட்டி மாதிரி பளபளன்னு ஒரு வேட்டியோட வந்தாரு. கல்யாண வீட்டுக்குக் குடுத்தாகன்னு சொன்னாரு. பத்திர ஆபீஸுக்குக் கட்டிட்டுப் போக பெரிய மொதலாளி எடுத்துக் குடுத்ததாம்.

"எத்தன பேரு வேல பாக்கான் அந்தக் கம்பெனில," அப்பா சொன்னாரு. "கணக்குப்பிள்ள இருக்காரு, மேனேஜர் இருக்காரு. எல்லாத்தையும் விட்டுட்டு என்னையத்தான் கூப்புட்டாக. 'உன் கையெளுத்தத்தாம்ப்பா நான் நம்புவேன்'னாக. யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னாக. நான் சொல்லல."

"பொண்டாட்டிட்ட கூடயா?" அம்மா கேட்டாங்க.

"யார்ட்டயும்னா யார்ட்டயும்தான்."

கெத்தா சொன்னாரு. அதுதான் எனக்கு செம காண்டு. ஏதோ மெடல் வாங்குன மாதிரி பன்னெண்டு வருசமா உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு. எங்க ஊர்ல இது புதுசும் இல்ல. மொதலாளிக்கு ரொம்ப வேண்டிய ஆளுன்னா அவன் பேர்ல எடம், வண்டி, குடோன்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். அது அவனுக்குப் பெரும. அந்தப் பெரும நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்திருக்குன்னு எனக்குத் தெரியல, அம்புட்டுதான்.

பெரிய மொதலாளி செத்து மூணு வருசம் ஆச்சு. இப்ப அவரு மகன், சின்ன மொதலாளிதான் எல்லாம்.

ஞாயித்துக்கெழமை நான் அடம் பிடிச்சு ரெண்டு பேரையும் திருத்தங்கலுக்குக் கூட்டிட்டுப் போனேன். நம்ம வீட்ட நாமளே பாக்காட்டி எப்படின்னு நக்கலாத்தான் கெளம்புனேன். அப்பா பைக்ல அம்மா, நான் என் ஸ்கூட்டில. அப்பாவும் பத்திரம் போட்ட பெறகு அந்தப் பக்கம் போனதே இல்லையாம். ரெண்டு தெரு தப்பாத் திரும்பி விசாரிச்சுப் போனோம்.

கீழ லேபிள் கட்டு அடுக்குற குடோனு. மாடில ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கு. மஞ்ச பெயின்ட்டு, முன்னால கிரில் கேட்டு, மாடிப்படி வெளிய. பெரிய பங்களா எல்லாம் இல்ல. ஆனா மாடில ரெண்டு ஜன்னலு, அந்தப் பக்கம் இன்னொண்ணு, பின்னால தண்ணித் தொட்டி. அம்மா ரோட்ல நின்னுக்கிட்டு ஜன்னல எண்ணுனாங்க. வாய் அசையுறத நான் பாத்தேன்.

கேட்டுக்குப் பக்கத்துல கரண்டு மீட்டரு. மேல அட்டைய சொருகி வச்சிருந்தாக. எடுத்துப் பாத்தா அப்பா பேரு. போன் எடுத்து போட்டோ புடிக்கப் போனேன், மாடில இருந்து ஒரு அக்கா எட்டிப் பாத்தாங்க.

"யாரு வேணும்?"

நான் வாயத் தொறக்கதுக்குள்ள அப்பா சொன்னாரு, "ஒண்ணுமில்லம்மா. விலாசம் மாறி வந்துட்டோம்."

"எந்த வீடு தேடுதீக?"

அம்மாதான் சமாளிச்சாங்க. "சொந்தக்காரவுக வீடு. இந்தத் தெரு இல்ல போல." அந்த அக்கா நம்பல. நாங்க தெருமொன திரும்புற வரைக்கும் மாடிலயே நின்னாங்க. அட்டை என் கைலயே வந்துருச்சு. திரும்பப் போயி சொருகிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நான்தான் ஐடியா குடுத்தேன். இத நல்லாச் சொல்லிறணும், பழிய வேற யார் மேலயும் போட முடியாது. "சின்ன மொதலாளிட்ட பேசுவோம். வீட்ட அவரு பேர்ல மாத்திக்கட்டும். மாத்திட்டா நம்ம பேர்ல வீடு இல்ல. வீடு இல்லன்னா லோனு." பி.காம் படிச்ச மூளை. ரெண்டு வரில முடிச்சுட்டேன்.

அப்பா ஒரு வாரம் இழுத்தாரு. "அவுகளா கேக்கட்டும். நாம போயி கேட்டா சந்தேகப்பட்ட மாதிரி இருக்கும்."

"யாரு யார சந்தேகப்படுறது? நமக்குக் கார்த்திகைல வீடு இல்லப்பா."

"தெரியும். நீ சத்தம் போடாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

"பக்கத்து வீட்டுக்கும் கார்த்திகைல வீடு இல்ல. கேக்கட்டும்."

கடைசில போனோம். கம்பெனி ஆபீஸ்ல ஏசி ரூமு. சின்ன மொதலாளி எந்திரிச்சே நின்னாரு. சின்னப் பையனா இருக்கையில எங்க அப்பாதான் அவர பைக்ல ஸ்கூலுக்குக் கொண்டு போயி விட்டதாம், அதனால எப்பவும் அண்ணேதான்.

"வாங்கண்ணே. பாப்பா, உக்காரு. டீ சொல்லட்டா?"

அப்பா உக்காரல. நின்னுக்கிட்டே கதைய பாதி பாதியா சொன்னாரு. மீதிய நான் சொன்னேன், கொஞ்சம் கூடுதலாவே சொன்னேன். நாங்க லோன் வாங்க இந்த வீடு எடைஞ்சலா இருக்கு, உங்க பேர்ல மாத்திக்கோங்க, பெரிய உதவியா இருக்கும்னு சொன்னேன். உதவியா இருக்கும். இந்த வார்த்தைய நானே சொன்னேன்.

அவரு கேட்டுட்டு ஒரு நிமிசம் யோசிச்சாரு. "அதுக்கென்னண்ணே, உங்களுக்கு ஒரு கஷ்டம்னா நான் பாத்துக்கிட்டு இருப்பேனா. என் வீட்டுக்காரி பேர்ல மாத்திருவோம். செலவு பூராம் என்னது. நீங்க கையெழுத்து மட்டும் போட வாங்க."

அம்புட்டுதான். டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள முடிஞ்சு போச்சு. நான் வெளிய வந்து அப்பாட்ட "பாத்தீங்களா, பேசுனா முடிஞ்சிரும்"னு சொன்னேன். அப்பாவுக்கும் முகமெல்லாம் சந்தோசம். "அவுகப்பா மாதிரியே"ன்னாரு.

அப்ப தோணாத ஒண்ணு பெறகுதான் தோணுச்சு. அந்தப் பெரிய மனுசன் செத்ததுல இருந்து இவருக்கு இந்த வீட்டு நெனப்பு இல்லாமயா இருந்திருக்கும். என்னைக்காவது எங்க அப்பாவோ நானோ வந்து, எங்க பேர்ல இருக்கு, என்ன தாரீகன்னு கேட்டா என்ன செய்யன்னு மூணு வருசமா உறுத்திக்கிட்டு இருந்திருக்கும். நாங்க போயி, ஒரு பைசா கேக்காம, வாங்கிக்கோங்கன்னு கெஞ்சி, டீயும் குடிச்சிட்டு வந்தோம்.

பத்திர ஆபீஸ்ல நானும் கூட இருந்தேன். அப்பா வெளுத்த சட்டை போட்டு, அந்தப் பழைய வேட்டியவே கட்டிருந்தாரு. இப்பல்லாம் கைல காசு குடுத்தோம்னு பத்திரத்துல எழுத முடியாது, பேங்க் வழியாத்தான் காட்டணும். அதனால முந்துன நாளு சின்ன மொதலாளி வீட்டம்மா அக்கவுண்ட்ல இருந்து எங்க அப்பா அக்கவுண்ட்டுக்கு வீட்டு வெல முழுசும் வந்துச்சு. அப்பா அதுக்கு முன்னாலயே செக்குல கையெழுத்து போட்டுக் குடுத்தாச்சு. மறுநாளு காலைல அம்புட்டும் திரும்பிப் போயிருச்சு. ஒரே ஒரு ராத்திரி எங்க அப்பா லட்சாதிபதி. அன்னைக்கும் ரசமும் துவையலும்தான்.

ரிஜிஸ்ட்ராரு அப்பாவ பாத்து வழக்கமா கேக்கிற கேள்வியக் கேட்டாரு. "சொத்த வித்தது நீங்கதானா? பணம் முழுசா வந்திருச்சா?"

"வந்திருச்சுய்யா," அப்பா சொன்னாரு. ஒரு தடுமாத்தம் இல்ல. கேமராவப் பாத்தாரு, பெருவெரல வச்சாரு, கையெழுத்துக்குக் கீழ கோட்ட இழுத்தாரு. வெளிய வந்ததும் சின்ன மொதலாளி டிரைவரு மூணு பிரியாணிப் பொட்டலம் குடுத்துட்டுப் போனான். சூடா இருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் நல்லாத்தான் சாப்ட்டோம்.

மறுபடி பாரம் எழுதி, புது வில்லங்கச் சான்று போட்டு, ஆறு மாசம் பேங்க் ஸ்டேட்மென்ட்டு வச்சு, கெத்தா கொண்டு போயி குடுத்தேன். இனிமே என்ன சொல்லுவீங்கன்னு மனசுக்குள்ள. பத்து நாள்ல போன் வந்துச்சு. "அப்பாவையும் கூட்டிட்டு வாம்மா"ன்னாரு அந்த சாரு.

அப்பா லீவு போட்டாரு. சீசன்ல போர்மேன் லீவு போடுறது லேசு இல்ல. ஆர்டர் மலை மாதிரி கெடக்கும், லோடு ஏத்த வண்டி வாசல்ல நிக்கும். இருந்தும் வந்தாரு.

சாரு ஸ்டேட்மென்ட்ல ரெண்டு எடத்துல பென்சில்ல வட்டம் போட்டு வச்சிருந்தாரு. பணம் வந்த வரி, பணம் போன வரி.

"போன மாசம் ஒரு மாடி வீட்ட வித்துருக்கீங்க. பணம் முழுசா வாங்கிட்டேன்னு சார்பதிவாளர் முன்னால சொல்லியிருக்கீங்க. இவ்வளவு தொகை கைக்கு வந்தவருக்கு ஏழைக்கான மானியம் எதுக்குன்னு மேல கேப்பாங்க. நான் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க."

"சார், அந்தக் காசு மறுநாளே போயிருச்சே, பாருங்க," நான் சொன்னேன்.

"யாருக்குப் போச்சு? ஏன் போச்சு?"

அப்பாவ பாத்தேன். அப்பா சாமி கும்பிடுற மாதிரி கைய சேத்து வச்சிக்கிட்டு டேபிளப் பாத்தாரு.

அந்த சாரு மெதுவா சொன்னாரு, "அது உங்க வீடே இல்ல, வேற ஒருத்தர் வீடு, உங்க பேரக் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுத்தா, அது தனி கேசு. உங்களுக்கும் வரும், அவருக்கும் வரும். அப்படி எழுதிக் குடுக்க நீங்க தயாரா?"

"இல்லய்யா," அப்பா சொன்னாரு. "அது என் வீடுதான். நாந்தான் வித்தேன்."

எனக்கு அந்த நேரம் அவரப் புடிச்சு உலுக்கணும் போல இருந்துச்சு. அப்புறம் தோணுச்சு, என்னத்த உலுக்க. விக்கச் சொன்னதே நான்.

"விக்காம இருந்தாலும் கெடைச்சிருக்காது," சாரு என்னப் பாத்துச் சொன்னாரு. ஆறுதலா சொன்னாரான்னு தெரியல. "உங்க குடும்பம்னா நீங்க மூணு பேரும் ஒண்ணு. நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆச்சுன்னா நீ தனிக் குடும்பம், உன் பேர்ல போடலாம். இல்ல, உங்க அம்மா தனியா இருக்கவங்களா இருந்தா, கணவர் இறந்து போயிருந்தாலோ, கைவிட்டுப் போயிருந்தாலோ, முன்னுரிமையே உண்டு. அப்படி எதுவும் இல்ல. நான் என்ன செய்ய."

வெளிய வந்து நான் சும்மா நக்கலுக்குச் சொன்னேன், "மாப்ள பாருங்கப்பா. ஆமத்தூர்ல மூணு சென்ட் இருக்கு, லோனுக்கு ஒரு பையன் வேணும்னு போடுங்க." அப்பா சிரிக்கல. பைக்க எடுக்காம நின்னுக்கிட்டே இருந்தாரு. அவரு மண்டைக்குள்ள ஓடுனது சாரு சொன்ன கல்யாணப் பேச்சு இல்ல, அதுக்கடுத்து அவரு சொன்னதுன்னு ராத்திரி சாப்பிடும்போதுதான் தெரிஞ்சது.

"நான் உன்ன விட்டுட்டுப் போயிட்டேன்னு ஒரு சர்ட்டிபிகேட்டு வாங்கு," அம்மாட்ட சொன்னாரு. "வி.ஏ.ஓ. ஆபீஸ்ல மொதல்ல எழுதிக் குடுப்பாக, பெறகு தாலுகால கையெளுத்தாகும். நான் கொஞ்ச நாளு கம்பெனி ஷெட்லயே படுத்துக்குதேன். ரேசன் கார்டுல இருந்து என் பேர எடுத்துருவோம். வேற பேங்க்ல உன் பேர்ல கேப்போம்."

அம்மா தட்டுல கைய வச்சபடியே பாத்தாங்க. "என்ன பேசுதீக?"

"பேப்பர்லதான. நெசமாவா போகப் போறேன்."

"வீடும் பேப்பர்லதான் இருந்துச்சு," அம்மா சொன்னாங்க.

அப்பா தட்டத் தள்ளி வச்சாரு. பெறகு சொன்னாரு, "அது நான் செஞ்ச தப்பு. அதனாலதான் சொல்லுதேன். என் பேரு இருக்கப் போயித்தான வீடு கெடைக்கல. என் பேர எடுத்துரு."

அம்மா மூணு நாளு ஒத்துக்கல. நாலாவது நாளு காம்பவுண்டுல மொத வீட்டுக்காரங்க சாமான ஏத்திக்கிட்டு சாத்தூருக்கே போயிட்டாங்க. வீட்டுக்காரரு அந்த வீட்டுக் கதவ அன்னைக்கே கழத்தி எடுத்துட்டாரு, மறுபடி யாரும் வந்துறக் கூடாதுன்னு. நெலையும் சொவரும் மட்டும் நிக்கி. அன்னைக்கு அம்மா என்கிட்ட கேட்டாங்க, "அந்த ஆபீசு எத்தன மணிக்குத் தொறப்பாக?"

நான் தடுக்கல. தப்புன்னு தெரியும். பொய் சர்ட்டிபிகேட்டு, மாட்டுனா அசிங்கம், எல்லாம் தெரியும். பாரத்த நானே கம்ப்யூட்டர்ல அடிச்சேன். 'கணவர் என்னைக் கைவிட்டுச் சென்று ஐந்து வருடங்கள் ஆகின்றன.' அடிக்கும்போது பக்கத்து சீட்ல ஒருத்தன் ராக்கெட் டப்பா லேபிளுக்கு செவப்பு பத்தல பத்தலன்னு கத்திக்கிட்டு இருந்தான். பிரஸ்லயேதான் பிரின்ட்டு எடுத்தேன்.

ஆபீஸ்ல ஒரு மேடம் இருந்தாங்க. எங்க அம்மா வயசுதான் இருக்கும். கூட்டம் இல்ல. அப்பாவ வர வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கல. அம்மா தனியா போயி பயந்துருவான்னாரு. கட்டிக்கிட்டவரே ஓடிப்போயிட்டாருன்னு எழுதிக் குடுக்க, அவரே கொண்டு வந்து எறக்கி விடுறாரு. எதிர்த்தாப்ல டீக்கடை ஓரமா ஹெல்மெட்ட கழத்தாம பைக் மேல உக்காந்திருந்தாரு. அம்புட்டு வெயில்ல ஹெல்மெட்டோட ஒரு ஆளு உக்காந்திருந்தா ஊரே பாக்கும்.

மேடம் பாரத்த முழுசா படிச்சாங்க. எங்கள மாதிரி எத்தன பேரு வந்திருப்பாங்களோ. குரல்ல கோவம் இல்ல.

"என்ன வேல பாத்தாரும்மா?"

"பட்டாசு கம்பெனி."

"குடிப்பாரா?"

அம்மா பட்டுன்னு நிமிந்தாங்க. "ச்சே. அதெல்லாம் கெடையாது."

நான் அம்மா கால மெதுவா மிதிச்சேன்.

"அடிப்பாரா? வேற பொம்பளப் பழக்கம்?"

"இல்ல மேடம்."

"பின்ன எதுக்கு விட்டுட்டுப் போனாரு?"

நான் நடுவுல பூந்தேன், "சண்டைல போயிட்டாரு மேடம்." மேடம் என்னப் பாக்கவே இல்ல. அம்மாவையே பாத்தாங்க.

"அஞ்சு வருசம்னு போட்டிருக்கு. எந்த மாசம் போனாரு?"

அம்மா வெரல மடக்கி எண்ணுற மாதிரி ஏதோ செஞ்சாங்க. நான் சொல்லிக் குடுத்திருந்தேன், மாசி, மாசின்னு. அப்பா வண்டில ஏறுற வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தாங்க. இப்ப வாயில வரல.

"சரி விடுங்க. இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா? யாராச்சும் பாத்தோம்னு சொன்னாங்களா?"

தெரியாதுன்னு ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த சொன்னாப் போதும். எங்க அப்பா எத்தன பேரு முன்னால, 'வந்திருச்சுய்யா'ன்னு எம்புட்டு லேசா சொன்னாரு. அம்மா ஜன்னல் வழியா ரோட்டப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க.

"வெளிய நிக்காரு," அம்மா சொன்னாங்க. "வெயில்ல."

மேடம் பேனாவ மூடுனாங்க. ஜன்னல எட்டிப் பாத்தாங்க, டீக்கடை ஓரத்துல ஹெல்மெட்டு உக்காந்திருக்கு. சிரிப்பாங்கன்னு நெனச்சேன். சிரிக்கல. பாரத்த எங்கிட்டயே நீட்டுனாங்க. "இது என் கைக்கே வரலன்னு வச்சிக்கிறேன். படிச்ச பிள்ளதான நீ." வாங்கிக்கிட்டேன்.

ரோட்டத் தாண்டும்போது அம்மா என் கையப் பிடிக்கல, முன்னாலயே போனாங்க. அப்பா ஹெல்மெட்டு கண்ணாடிய மேல தூக்குனாரு. மூஞ்சி பூராம் வேர்வ.

"என்ன கேட்டாக?"

"நீங்க எங்கன்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"நிக்கீகன்னு சொன்னேன்."

அவரு ஒண்ணும் திட்டல. அம்மாவும் அழல. லோனு அங்கனயே, அந்த டீக்கடை முன்னாலயே முடிஞ்சு போச்சு. மூணு பேருக்கும் தெரியும்.

"ஆமத்தூருக்குப் போயி சொல்லிருவோம்," அம்மாதான் சொன்னாங்க. "அந்த மனுசன் நமக்காக எடத்த வச்சுக்கிட்டு இருக்க வேண்டாம்."

"இன்னும் ஒண்ணர மாசம் டைம் இருக்குல்ல," அப்பா சொன்னாரு.

"இருந்து?"

அப்பா ஹெல்மெட்ட கழத்தி அம்மா கைல குடுத்துட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணாரு. அம்மா பின்னால ஏறி, ஹெல்மெட்ட மடில வச்சுக்கிட்டு, அவரு சட்டைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டாங்க. நான் அந்தப் பாரத்த நாலா மடிச்சு, எங்க போடன்னு தெரியாம, ஸ்கூட்டி சீட்டுக்கு அடில போட்டுப் பூட்டிட்டு அவுக பின்னாலயே போனேன்.